புத்தக விற்பனையாளருக்கான உலாவி நீட்சி: டபிள்யூ.எக்ஸ்.டி. கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

பழைய புத்தகக் கட்டு ஒன்றைப் பிரித்துவைத்து விலை பார்க்கிறவர், ஒரு புத்தகத்துக்குச் சில விநாடிகளுக்கு மேல் ஒதுக்க முடியாது. அந்த நேரத்துக்குள் திரையின் ஓரத்தில் ஓர் எண் தெரிய வேண்டும்: இதை இந்த விலைக்கு வாங்கி விற்றால் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்? எண் தெரியவில்லை என்றால் அவரே தேடிப் பார்த்துக்கொள்வார். எண் தப்பாகத் தெரிந்தால் நம்பி வாங்கிவிடுவார். எக்ஸ்டென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் உலாவி நீட்சியை எந்தக் கருவியில் செய்தாலும், புத்தக வியாபாரத்துக்கு அளவுகோல் இது ஒன்றுதான். இடம் காலியாக இருந்தால் பரவாயில்லை, தப்பான எண் வரக் கூடாது.

அந்த அளவுகோலை வைத்து இங்கே பார்ப்பது டபிள்யூ.எக்ஸ்.டி. என்ற கட்டமைப்பை. இலவசம், திறந்த மூலம், எம்.ஐ.டி. உரிமம். வீட் என்ற கட்டுமானக் கருவியின் மேல் எழுப்பப்பட்டது. ஒரே நிரலிலிருந்து குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவற்றுக்குத் தனித்தனி நீட்சிகளை உருவாக்கித் தரும். இன்னும் 1.0-ஐ எட்டவில்லை. கீழே சொல்வதெல்லாம் 0.20 வரிசைக்கு.

கொடுத்துப் பார்க்கும் வேலை இரண்டு. ஒன்று, விற்பனைத் தளத்தில் புத்தகப் பக்கம் திறந்ததும் பதிப்பை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கண்டுபிடித்து, மற்றச் சந்தைகளில் அதே பதிப்பின் விலையையும், சொந்த இருப்பில் பிரதி உண்டா என்பதையும், கட்டணம் போக மிச்சத்தையும் காட்டும் சிறு பலகை. இன்னொன்று, பார்கோடு ஸ்கேனரை நீட்டினால் அதே விடையைத் தரும் பக்கப்பட்டை.

தொடங்குவது

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் நிறுவியிருந்தால் ஒரே கட்டளையில் திட்டம் தயாராகிவிடும். வெறும் டைப்ஸ்கிரிப்ட், ரியாக்ட், வ்யூ, ஸ்வெல்ட், சாலிட் என்று வார்ப்புகள் உண்டு. நான்கு வரி காட்டும் பலகைக்கு ரியாக்ட் தேவையே இல்லை. அது ஒவ்வொரு புத்தகப் பக்கத்திலும் ஏறி இறங்கும் சுமை. வெறும் டைப்ஸ்கிரிப்டோ ஸ்வெல்டோ எடுங்கள்.

நீட்சியின் பகுதிகளையும் அனுமதிகளையும் உலாவிக்கு அறிவிக்கும் மெனிஃபெஸ்ட் கோப்பைக் கையால் எழுத வேண்டாம் என்பதுதான் முதல் சௌகரியம். நுழைவுக் கோப்புகளுக்கு என்று இருக்கும் அடைவில் கோப்பைச் சரியான பெயரில் வைத்தால் போதும். பின்னணி நிரல், பாப்-அப், பக்கப்பட்டை, பக்கத்துக்குள் ஓடும் கன்டென்ட் ஸ்கிரிப்ட் எல்லாம் மெனிஃபெஸ்ட்டில் தானாகப் பதிவாகிவிடும். பக்கப்பட்டை குரோமில் ஒரு பெயரிலும் ஃபயர்ஃபாக்ஸில் வேறு பெயரிலும் அறிவிக்கப்பட வேண்டியது. அந்த வேறுபாட்டையும் கட்டமைப்பே பார்த்துக்கொள்கிறது.

தொடக்கத்திலேயே இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது: உங்கள் நுழைவுக் கோப்பில் என்ன அமைப்புகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள, கட்டும் நேரத்தில் அந்தக் கோப்பை நோட் சூழலிலேயே ஓட்டிப் பார்க்கிறது. அங்கே உலாவியின் ஏ.பி.ஐ., அதாவது ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும் இடைமுகம், எதுவும் கிடையாது. அதனால் சேமிப்பைப் படிப்பது, செய்திக்குக் காத்திருப்பது போன்ற எல்லாமே மெயின் செயற்கூற்றுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே ஒரு வரி இருந்தாலும் கட்டுமானம் பிழையோடு நின்றுவிடக்கூடும். இரண்டாவது: மேம்பாட்டுக் கட்டளை புதிய சுயவிவரத்தோடு உலாவியைத் திறக்கும். ஒவ்வொரு தடவையும் விற்பனையாளர் கணக்கில் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். ஓட்டும் அமைப்புக் கோப்பில் ஒரு நிலையான சுயவிவர அடைவைக் காட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அதை உங்கள் உண்மையான வணிகக் கணக்கோடு செய்யாதீர்கள், சோதனைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.பி.என்.: கட்டமைப்பு எட்டிப் பார்க்காத இடம்

நீட்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான். டபிள்யூ.எக்ஸ்.டி. இதில் எந்த உதவியும் செய்யாது, செய்யவும் முடியாது. ஆனாலும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக எழுதி முடித்துவிட வேண்டும்.

பத்து இலக்க எண்ணின் சரிபார்ப்பு எளிது. இலக்கங்களை இடமிருந்து 10, 9, 8 என்று 1 வரை பெருக்கிக் கூட்டினால் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கடைசி இடத்தில் எக்ஸ் இருந்தால் அதற்கு மதிப்பு 10. பதின்மூன்று இலக்கத்தில் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கி, கூட்டுத்தொகை 10-ஆல் வகுபட வேண்டும். 0-306-40615-2 என்ற எண்ணை 13 இலக்கமாக்கினால் 978-0-306-40615-7. முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது. கடைசிச் சோதனை இலக்கத்தை எடுத்துவிட்டு, முதல் 12 இலக்கங்களின் கூட்டுத்தொகை 93 என்று பார்த்து, 7 என்று புதிதாகப் போட வேண்டும்.

எதிர்த்திசையில்தான் ஆபத்து. 979-இல் தொடங்கும் புத்தகத்துக்குப் பத்து இலக்க எண் கிடையாது. முதல் மூன்று இலக்கத்தை வெட்டிவிட்டுச் சோதனை இலக்கத்தைக் கணக்கிட்டால், பார்வைக்குச் சரியான பத்து இலக்க எண் ஒன்று வந்துவிடும். அது வேறொரு புத்தகத்துக்கு உரியதாக இருக்கலாம். எல்லாச் சோதனையும் தாண்டி, முற்றிலும் தப்பான விலை பலகையில் ஏறும். எனவே மாற்றும் செயற்கூறு 978 அல்லாத எதற்கும் வெறுமையைத்தான் திருப்பித் தர வேண்டும். அமேசானில் அச்சுப் புத்தகங்களின் ஏசின், அதாவது அமேசானின் பொருள் எண், பெரும்பாலும் பத்து இலக்க ஐ.எஸ்.பி.என்.தான் என்ற பழைய நம்பிக்கையும் இங்கே உடைகிறது. 979-8 வரிசைப் புத்தகங்களுக்கு எழுத்தில் தொடங்கும் ஏசின்தான் இருக்கும். 979-0 என்று தொடங்கினால் அது இசைக் குறிப்புப் பதிப்புகளுக்கான எண், புத்தகமே அல்ல.

பழைய புத்தகம் விற்பவர்களுக்கு இன்னொன்று. ஐ.எஸ்.பி.என். வருவதற்கு முன்பு பிரிட்டனில் ஒன்பது இலக்க எஸ்.பி.என். இருந்தது. முன்னால் ஒரு சுழியைச் சேர்த்தால் அதுவே பத்து இலக்க எண். சுழியை எதனால் பெருக்கினாலும் சுழியே என்பதால் சோதனை இலக்கம் மாறாது. விரிதாளிலிருந்து ஏற்றும் இருப்புப் பட்டியலிலும் இதே ஒன்பது இலக்கம் தலைகாட்டும். அங்கே காரணம் வேறு: விரிதாள் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்சுழியைத் தின்றிருக்கும். சுழியைச் சேர்த்துச் சரிபார்த்தால் இரண்டுக்கும் ஒரே மருந்து. பதின்மூன்று இலக்கம் அடுக்குக்குறி வடிவத்துக்கு மாறிப்போயிருந்தால் மட்டும் மீட்க வழியில்லை. அந்த வரிகளை ஏற்காமல், எத்தனை வரிகள் தள்ளுபடி ஆயின என்று பயனருக்குச் சொல்லிவிடுங்கள்.

சோதனை இலக்கம் ஒத்துப்போனால் அது ஐ.எஸ்.பி.என்.தான் என்று நினைப்பது அடுத்த தவறு. ஏதோ ஒரு பத்து இலக்க எண், தொலைபேசி எண்ணோ ஆர்டர் எண்ணோ, தற்செயலாகத் தேர்ச்சி பெற 11-இல் ஒரு வாய்ப்பு உண்டு. பக்கத்தில் இருக்கும் எல்லாப் பத்து இலக்கங்களையும் அள்ளினால் குப்பை நிச்சயம். படிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தேடுபொறி போன்ற நிரல்கள் படிப்பதற்காகப் பக்கத்துக்குள் பொதிந்திருக்கும் ஜேசன்-எல்.டி. தரவில் ஐ.எஸ்.பி.என். புலம். இல்லையென்றால் விவரப் பட்டியலில் "ஐ.எஸ்.பி.என்." என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் எண். அதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பக்கம் முழுவதும் துழாவினால் "இதையும் வாங்கினார்கள்" வரிசையில் இருக்கும் வேறு புத்தகத்தின் எண்தான் மாட்டும்.

எண்ணைப் பிடித்த பிறகும் சுத்தம் செய்ய வேண்டும். கோடு போலத் தெரிவதெல்லாம் விசைப்பலகையில் இருக்கும் கோடு அல்ல. யூனிகோடில் 2010 முதல் 2015 வரை வெவ்வேறு கோடுகள் இருக்கின்றன. பெரிய தளங்களின் விவரப் பட்டியலில், கண்ணுக்கே தெரியாத எழுத்துத் திசைக் குறிகள் முக்காற்புள்ளியைச் சுற்றி ஒளிந்திருக்கும். இலக்கமும் எக்ஸும் தவிர மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டுச் சரிபார்ப்பதே நேர்வழி. சிறிய எக்ஸையும் ஏற்க மறக்க வேண்டாம்.

கையால் தட்டச்சிடும் பெட்டி வைத்தால் ஒரு எச்சரிக்கை. பத்து இலக்க முறை அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் கண்டுபிடித்துவிடும். பதின்மூன்று இலக்க முறைக்கு அந்தத் திறமை முழுதாக இல்லை. வேறுபாடு 5 ஆக இருக்கும் இலக்கங்கள், உதாரணமாக 2-உம் 7-உம், இடம் மாறினால் அது தெரியாமலே தேர்ச்சி பெற்றுவிடும். ஆகவே விலைக்கு மேலே புத்தகத் தலைப்பைப் பெரிதாகக் காட்டுவது அலங்காரம் அல்ல. கையில் இருக்கும் புத்தகத்தோடு ஒப்பிட விற்பனையாளருக்கு இருக்கும் ஒரே வழி அது.

பலகையைப் பக்கத்தில் பொருத்துவது

டபிள்யூ.எக்ஸ்.டி. தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது இந்தப் பகுதியில். நிழல் மர வேருக்குள், அதாவது ஷேடோ ரூட்டுக்குள், பலகையை வைக்க ஆயத்தச் செயற்கூறு தருகிறது. தளத்தின் வடிவமைப்பு விதிகள் உங்கள் பலகையைக் குலைக்காது, உங்களுடையவை தளத்தைக் குலைக்காது. ஆனால் ஒரு கசிவு உண்டு. ரெம் என்ற அளவு நிழல் வேருக்குள்ளும் தளத்தின் அடிப்படை எழுத்தளவையே பின்பற்றும். அடிப்படையை 10 பிக்சலாக வைத்திருக்கும் தளத்தில் உங்கள் எழுத்துகள் சுருங்கி, விலை படிக்க முடியாமல் போகும். எல்லா அளவையும் பிக்சலில் எழுதுங்கள், அல்லது கட்டும்போது ரெம்மைப் பிக்சலாக மாற்றும் போஸ்ட்-சி.எஸ்.எஸ். செருகியைச் சேருங்கள்.

முழுப் பக்கமும் மறுபடி ஏறாமல் முகவரி மட்டும் மாறும் தளங்களில், முந்திய புத்தகத்தின் விலை பலகையில் அப்படியே தங்கிவிடும். முகவரி மாற்றத்தை அறிவிக்கும் நிகழ்வு ஒன்றை இந்தக் கட்டமைப்பு தருகிறது. அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முகவரி மாறியவுடன் பக்கத்தின் உள்ளடக்கம் மாறியிருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. நிகழ்வு வந்ததும் முதல் வேலையாகப் பலகையைக் காலி செய்யுங்கள். பிறகு புதிய ஐ.எஸ்.பி.என். தென்படும் வரை காத்திருந்து நிரப்புங்கள்.

நீட்சி புதுப்பிக்கப்படும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் டேப்களில் பழைய ஸ்கிரிப்ட் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும். சேமிப்பைத் தொட்டால் சூழல் செல்லாது என்று பிழை வீசும். நாள் முழுக்க முப்பது டேப் திறந்துவைத்திருக்கும் விற்பனையாளர்களிடம் இது கட்டாயம் நடக்கும். டபிள்யூ.எக்ஸ்.டி. தரும் சூழல் பொருளின் வழியாக நேரமானிகளையும் நிகழ்வுகளையும் பதிந்தால், சூழல் செல்லாமல் போனதும் அவை தாமாக நின்றுவிடும். கையால் எழுதினால் பலர் விட்டுவிடும் நுணுக்கம் இது. இதற்காகவே இந்தக் கட்டமைப்பைப் பரிந்துரைக்கலாம்.

ஸ்கேனருக்குப் பாப்-அப் உதவாது. வேறு எங்கேனும் சொடுக்கினால் மூடிக்கொள்ளும், அடுத்த புத்தகத்துக்கு மறுபடி திறக்க வேண்டும். பக்கப்பட்டைதான் சரி, குரோமில் 114-ஆவது வெர்ஷனிலிருந்து இருக்கிறது. யு.எஸ்.பி. ஸ்கேனர் தன்னை ஒரு விசைப்பலகையாகவே காட்டிக்கொள்ளும். இலக்கங்களை வேகமாகத் தட்டிவிட்டுக் கடைசியில் என்டர் கொடுக்கும். புத்தகப் பார்கோட்டுக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கத் துணைக்கோடு இருந்து, அதையும் படிக்கும்படி ஸ்கேனர் அமைக்கப்பட்டிருந்தால் 18 இலக்கம் வந்து விழும். முதல் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்து ஸ்கேன் செய்யும்போது முதல் புத்தகத்தின் விடை, இரண்டாவது புத்தகத்தின் விடைக்குப் பின்னால் வந்து சேரலாம். அப்போது இரண்டாவது புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு முதல் புத்தகத்தின் விலை தெரியும். ஒவ்வொரு விடையோடும் அது எந்த ஐ.எஸ்.பி.என்.னுக்கு உரியது என்பதைச் சேர்த்தனுப்பி, திரையில் இப்போது இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் மட்டுமே காட்டுங்கள். மூன்று வரி வேலை. இது இல்லாத நீட்சியை ஸ்கேனரோடு பயன்படுத்தவே கூடாது.

பின்னணியில் நடப்பது

பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்டிலிருந்து வேறு தளத்தின் ஏ.பி.ஐ.யை நேரே அழைத்தால், அந்தத் தளமே அனுமதித்திருந்தால் ஒழிய, குரோம் தடுத்துவிடும். அழைப்பு சர்வீஸ் வொர்க்கர் எனப்படும் பின்னணி நிரலிலிருந்து போக வேண்டும், அந்தத் தளத்துக்கு அனுமதியும் மெனிஃபெஸ்ட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே செய்தி பரிமாற டபிள்யூ.எக்ஸ்.டி.யில் சொந்த ஏற்பாடு எதுவும் இல்லை. இது ஒரு குறைதான். உலாவியின் செய்தி ஏ.பி.ஐ.யை நேரடியாகப் பயன்படுத்தினால், விடை தாமதமாக வரும் இடங்களில் கேட்பான் செயற்கூறு ட்ரூ என்ற மதிப்பை உடனே திருப்பித் தர வேண்டும். கேட்பானையே அசிங்க், அதாவது காத்திருந்து விடை தரும் செயற்கூறு, ஆக்கிவிட்டால் அது ட்ரூவுக்குப் பதில், பின்னால் விடை வரும் என்று சொல்லும் ப்ராமிஸைத் தந்துவிடும். அதை ஏற்காத குரோம் வெர்ஷன்களில் வழித்தடம் மூடிக்கொள்ளும், பலகை காலியாகவே நிற்கும். பிழைச் செய்தி தெளிவாக வராததால் மணிக்கணக்கில் தேடவைக்கும் கோளாறு.

சர்வீஸ் வொர்க்கர் 30 விநாடி சும்மா இருந்தால் நிறுத்தப்படும். பொது மாறிகளில் வைத்த தற்காலிகச் சேமிப்பு அதோடு போய்விடும். விலைகளை அமர்வுச் சேமிப்பில் வையுங்கள். 10 எம்.பி. வரை கொள்ளும், வொர்க்கர் நின்றாலும் இருக்கும், உலாவியை மூடினால் போய்விடும். விலைக்கு அந்த ஆயுள் போதும். அவ்வப்போது நடக்க வேண்டிய வேலைகளுக்கு அலாரம் ஏ.பி.ஐ.; குறைந்தபட்ச இடைவெளி 30 விநாடி.

இருப்புப் பட்டியலை ஒத்திசைவுச் சேமிப்பில் வைக்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம். மொத்தமே சுமார் 100 கே.பி., ஓர் உருப்படிக்கு 8 கே.பி. கட்டண விகிதம், நாணயம் போன்ற அமைப்புகளுக்கு மட்டும் அது. 20,000 தலைப்புகளின் எண், பிரதிகள், அலமாரி, விலை என்று வரிக்கு 100 பைட் போட்டாலும் 2 எம்.பி. உள்ளூர்ச் சேமிப்பின் 10 எம்.பி. வரம்புக்குள் அடங்கும்தான். ஆனால் ஒரே சாவியின் கீழ் வைத்தால், ஒரு புத்தகம் பார்க்க முழுப் பட்டியலையும் படிக்க நேரும். உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டு-டி.பி.யில் ஐ.எஸ்.பி.என்.னைச் சாவியாக வைத்துப் பின்னணியிலிருந்தே படியுங்கள். கன்டென்ட் ஸ்கிரிப்டிலிருந்து திறந்தால் அது தளத்துக்கு உரிய கிடங்கு, உங்களுடையது அல்ல.

அமைப்புகளுக்கு டபிள்யூ.எக்ஸ்.டி.யின் சேமிப்பு நூலகம் மிக நன்று. இயல்பு மதிப்பு, வெர்ஷன் எண், பழையதைப் புதியதாக மாற்றும் செயற்கூறு எல்லாம் ஒரே இடத்தில். கட்டண அமைப்பின் வடிவம் ஆறு மாதத்தில் எப்படியும் மாறும். அப்போது பயனர்களின் பழைய அமைப்பு குலையாமல் நகர இது கைகொடுக்கும்.

விலை எங்கிருந்து வருகிறது

நூல் விவரத்துக்கு ஓப்பன் லைப்ரரி என்ற திறந்த இணைய நூற்பட்டியல் போதும், ஏ.பி.ஐ. திறவுகோல் தேவையில்லை. அட்டைப் படத்தை ஐ.எஸ்.பி.என். வழியாகக் கேட்டால் ஓர் ஐ.பி.க்கு ஐந்து நிமிடத்தில் 100 என்று வரம்பு. படம் இல்லாதபோது வெற்றுப் படத்துக்குப் பதில் 'இல்லை' என்னும் 404 விடை வரும்படி கேட்கும் அளவுருவும் உண்டு. கூகுள் புக்ஸின் இயல்பான ஒதுக்கீடு ஒரு திட்டத்துக்கு நாளொன்றுக்கு 1,000 அழைப்பு. எல்லாப் பயனருக்கும் ஒரே திறவுகோலை வைத்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

சந்தை விலைக்குத்தான் சர்வர் வேண்டும். ஈபேயின் பிரவுஸ் ஏ.பி.ஐ., அமேசானின் செல்லிங் பார்ட்னர் ஏ.பி.ஐ. இரண்டுமே ரகசியக் குறியீடு கேட்பவை. சூழல் மாறிக் கோப்பில் வைத்துவிட்டால் ரகசியம் காக்கப்படும் என்று டபிள்யூ.எக்ஸ்.டி.க்குப் புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். WXT_ அல்லது VITE_ என்ற முன்னொட்டோடு நிரலில் பயன்படுத்திய மாறிகள் கட்டும்போது நிரலுக்குள்ளேயே எழுதப்படும். நீட்சியின் பொதியைப் பிரித்தால் யாரும் படிக்கலாம். ரகசியம் உங்கள் சர்வரில் இருக்கட்டும், நீட்சி சர்வரிடம் கேட்கட்டும். பழைய வழிகாட்டிகள் பல அமேசானின் எம்.டபிள்யூ.எஸ். முறையைக் காட்டும்; அது 2024 மார்ச் 31-இல் மூடப்பட்டுவிட்டது.

ஏ.பி.ஐ.க்குப் பதிலாகப் பின்னணியில் தளங்களின் பக்கங்களை இழுத்து விலையைச் சுரண்டும் குறுக்குவழி உண்டு. வேண்டாம். பெரும்பாலான தளங்களின் விதிகள் தானியங்கிச் சேகரிப்பைத் தடை செய்கின்றன. அழைப்பு போவது பயனரின் சொந்த உள்நுழைவோடு. முடக்கப்பட்டால் அவருடைய விற்பனைக் கணக்கு முடங்கும், உங்களுடையது அல்ல. பயனர் தானே திறந்த பக்கத்தை மட்டும் படியுங்கள்.

கிடைக்கும் விலைகளில் மிகக் குறைந்ததைக் காட்டுவதும் தப்பான எண்தான். குறைந்த விலைப் பிரதி, நூலக முத்திரை குத்திய கிழிசலாக இருக்கலாம். விலை குறைவாகவும் அஞ்சல் கட்டணம் கூடுதலாகவும் இருக்கலாம். அஞ்சலைக் கூட்டி, அதே நிலையில் உள்ள பிரதிகளை மட்டும் எடுத்து, மூன்றாவது குறைந்த விலையைக் காட்டுவது நடைமுறைக்கு நெருக்கமானது. அதுவும் விற்கக் கேட்கும் விலைதான், விற்றுப்போன விலை அல்ல. பிரவுஸ் ஏ.பி.ஐ. தருவது நடப்புப் பட்டியலை மட்டுமே. பலகையில் "கேட்கும் விலை" என்றே எழுதுங்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் சேருங்கள்.

மிச்சக் கணக்கு

விற்பனை விலை 400, தளத்தின் பங்கு 15 சதவீதம், நிலையான கட்டணம் 20, அஞ்சல் 55, உறை 12 என்று வைப்போம். 60, 20, 55, 12 சேர்ந்து 147. மிச்சம் 253. கையில் 100 நிற்க வேண்டுமானால் வாங்கும் விலை 153-ஐத் தாண்டக் கூடாது. பலகையில் முதலில் தெரிய வேண்டியது இந்த 153. கட்டின் முன்னால் இருப்பவர் தேடுவது அதைத்தான்.

வாங்குபவரிடம் அஞ்சலுக்கு 40 வசூலித்தால், பல தளங்கள் தங்கள் பங்கை 440-க்குக் கணக்கிடும். 60 அல்ல, 66. தலைகீழ்க் கணக்கிலும் வழுக்கல் உண்டு. செலவும் லாபமும் சேர்ந்து 307 என்றால், அதோடு 15 சதவீதம் கூட்டி 353 என்று விலை வைப்பார்கள். 353-இல் 15 சதவீதம் போனால் மிச்சம் 300 சொச்சம்தான். 307-ஐ 0.85-ஆல் வகுத்து 361.18 என்று வைக்க வேண்டும். அஞ்சல் எடைப்படி என்றால் உறையின் எடையையும் சேருங்கள். 480 கிராம் புத்தகம் 60 கிராம் உறைக்குள் போனதும் 500 கிராம் படியைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும்.

தொகைகளை எப்போதும் மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள். பக்கத்திலிருந்து விலையைப் படிக்கும்போது, 1.299,00 என்பதும் 1,299.00 என்பதும் ஒரே தொகை என்பதை மறந்தால் ஆயிரம் மடங்கு பிழை வரும். தளத்தின் மொழியை வைத்துப் பிரிகுறியை முடிவு செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம்.

நீட்சிக் கடையில் ஏற்றுவது

டபிள்யூ.எக்ஸ்.டி.யின் மேம்பாட்டு முறையில் ஒரு மறைகுழி இருக்கிறது. தானாக மறுஏற்றம் செய்வதற்காக டேப், ஸ்கிரிப்டிங் அனுமதிகளை அதுவே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் கேட்க மறந்த அனுமதி மேம்பாட்டில் வேலை செய்யும், வெளியீட்டில் வேலை செய்யாது. ஏற்றும் முன் வெளியீட்டுக் கட்டுமானத்தைக் கையால் நிறுவி, ஒரு புத்தகப் பக்கம், ஒரு ஸ்கேன், ஒரு இருப்பு ஏற்றம் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கேட்காதீர்கள். நிறுவும்போது எச்சரிக்கை பெரிதாகும், பரிசீலனையும் இழுக்கும். புதிய விற்பனைத் தளத்தைப் பின்னாளில் கட்டாய அனுமதியாகச் சேர்த்தால், பயனர் ஒப்புக்கொள்ளும் வரை குரோம் நீட்சியையே முடக்கிவைக்கும். விருப்ப அனுமதியாக வைத்து, பயனர் பட்டனை அழுத்தும்போது கேளுங்கள். தளங்களின் வடிவம் மாறும்போது பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் உறுப்புத் தேர்விகளைச் சரிசெய்ய, அவற்றை ஜேசன் தரவாகச் சர்வரிலிருந்து எடுக்கலாம். நிரலை அப்படி எடுக்க, நீட்சி விதிகளின் இப்போதைய பதிப்பான மெனிஃபெஸ்ட் 3 அனுமதிக்காது.

குரோம் கடையில் பதிவுக்கு ஒரே ஒரு தடவை 5 டாலர். ஃபயர்ஃபாக்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சுருக்கிக் கட்டிய நிரல் என்பதால் மூலத்தையும் தர வேண்டும். டபிள்யூ.எக்ஸ்.டி.யின் பொதிக் கட்டளை மூலப் பொதியையும் சேர்த்தே உருவாக்குகிறது, பெரிய உபகாரம். கட்டும் முறையை விளக்கும் கோப்பு அதற்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2025 நவம்பர் 3 முதல் அங்கே புதிதாகச் சேரும் நீட்சிகள் என்ன தரவை எடுக்கின்றன என்பதை மெனிஃபெஸ்ட்டிலேயே அறிவிக்க வேண்டும். பார்க்கும் புத்தகத்தின் எண்ணைச் சர்வருக்கு அனுப்பும் நீட்சி இதை மேலோட்டமாக எழுதிவிட முடியாது. தனியாகச் சொல்லாவிட்டால் டபிள்யூ.எக்ஸ்.டி. ஃபயர்ஃபாக்ஸுக்குப் பழைய பதிப்பான மெனிஃபெஸ்ட் 2-ஆகத்தான் கட்டும். அது அங்கே இன்னும் செல்லும், குரோமில் செல்லாது.

இணைப்புகளில் தரகுக் குறியீட்டைச் செருகி வருமானம் பார்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அமேசானின் தரகுத் திட்டமான அசோசியேட்ஸின் ஒப்பந்தம் உலாவி நீட்சிகளில் அந்த இணைப்புகளைத் தடுக்கிறது. குரோம் கடையும் பயனருக்கு நேரடிப் பலன் இல்லாத தரகு இணைப்பை ஏற்பதில்லை. சந்தா வசூலிப்பது நேர்மையான வழி. கடையின் சொந்தக் கட்டண வசதி 2021-இலேயே மூடப்பட்டதால் அதை உங்கள் சர்வரில்தான் கட்ட வேண்டும்.

யாருக்கு

ஒரே தளம், குரோம் மட்டும், சொந்தக் கடைக்கு மட்டும் என்றால் டபிள்யூ.எக்ஸ்.டி. தேவையில்லை. மெனிஃபெஸ்ட், பின்னணிக் கோப்பு, பக்க ஸ்கிரிப்ட் மூன்றும் சேர்ந்து இருநூறு வரிக்குள் முடியும். கட்டுமானக் கருவியே இல்லாமல் கோப்பைத் திருத்தி மறுஏற்றம் செய்துகொள்ளலாம். இரண்டு உலாவி, மூன்று தளம், மற்ற விற்பனையாளர்களுக்கும் தருவது என்று போனால் தயங்காமல் எடுக்கலாம். ஷேடோ ரூட், முகவரி மாற்றம், செல்லாத சூழல், அமைப்பு நகர்த்தல், மூலப் பொதி ஆகிய ஐந்தையும் கையால் எழுதி நிலைநிறுத்தும் உழைப்பை மிச்சமாக்கித் தருகிறது. ஐ.எஸ்.பி.என்., விலைத் தேர்வு, மிச்சக் கணக்கு மூன்றையும் கட்டமைப்பைத் தொடாத தனிக் கோப்புகளாக வையுங்கள். நாளை வேறு கருவிக்கு மாறினாலும் அவை அப்படியே வரும்.

1.0-க்கு முந்திய நிலை என்பதால் இரண்டாம் எண் மாறும்போதெல்லாம் பழைய நிரல் உடையலாம். வெர்ஷனைத் துல்லியமாகப் பூட்டிவையுங்கள். மேம்படுத்தும் முன் ஓட்ட இருபது புத்தகப் பக்கங்களைக் கோப்பாகச் சேமித்துச் சோதனைக்கு வையுங்கள். அவற்றில் எக்ஸில் முடியும் எண் ஒன்று, 979-8 ஒன்று, மின்னூல் விலை முன்னால் நிற்கும் பக்கம் ஒன்று, தொகுதி எண்ணும் தனி எண்ணும் சேர்ந்து வரும் பல பாக நூல் ஒன்று, ஐ.எஸ்.பி.என். இல்லவே இல்லாத பழைய பதிப்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன பக்கத்தில் பலகை காலியாக வந்தால்தான் சோதனை தேறியது.